வாள்களை உருவிய சீட்டுக்கட்டு

எதிர்காலத்தைத் திருத்த முடியாது என்கிறார்கள். தாராளமாக முடியும். பிடிக்காத பதினான்கு சீட்டுகளைக் கட்டிலிருந்து உருவி, பழைய டவல்களுக்கு அடியில் திணித்துவிட்டால் வேலை முடிந்தது. சீட்டக்கா அதைத்தான் செய்திருந்தாள்.

மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அவளுடைய அழகு நிலையம். மூன்று நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, ஓடும்போது கீச்சிடும் ஒரு மின்விசிறி. எதிர்ப்பக்கம் குளிர்சாதனத்தோடு புதிதாக ஒரு கடை முளைத்தபோது, அங்கே இல்லாத ஏதாவது ஒன்று இங்கே வேண்டியிருந்தது. டாரட் சீட்டு வந்தது அப்படித்தான். தலைக்குச் சாயம் பூசினால் அது பிடிக்கும்வரை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். செய்வதற்கு ஒன்றுமில்லாமல், மண்டையில் பிளாஸ்டிக் உறையோடு உட்கார்ந்திருக்கும் மனிதரைப்போல ஜோசியத்துக்கு வாகான ஆள் உலகத்தில் கிடையாது.

படம் போட்ட புத்தகம் ஒன்றை வாங்கி ஒழுங்காகவே படித்தாள். கட்டில் நான்கு இனம், இனத்துக்குப் பதினான்கு சீட்டு. கோப்பை என்றால் தண்ணீர், மனசு, பாசம். கோல் என்றால் நெருப்பு, முயற்சி, தொழில். காசு என்றால் மண், உடம்பு, சொத்து. வாள் என்றால் காற்று, புத்தி, வாக்குவாதம், உண்மை, அந்த உண்மையால் வரும் வலி. யோசிப்பதையும் வேதனையையும் ஒரே இனத்தில் அடைத்தவன் யாரோ, அவன் நம் குடும்பங்களை நன்றாகப் பார்த்திருக்க வேண்டும். யோசிக்கிற பெண்ணுக்கு அங்கே வேறு என்ன கிடைக்கிறது?

முதல் மாதத்திலேயே வாள் தன் வேலையைக் காட்டியது. மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவுக்குப் பத்து வாள் சீட்டு வந்தது. ஒருவன் குப்புறக் கிடக்கிறான், முதுகில் வரிசையாகப் பத்து வாள். அந்த அம்மா பாதித் தலைச் சாயத்தோடு எழுந்து போனவர்தான், எதிர்க்கடையில்தான் மீதித் தலையைக் கறுப்பாக்கினார். அன்றைக்கே வாள்கள் டவலுக்கு அடியில் போயின. அதன் பிறகு அந்த மாடியில் யாருக்கும் கெட்ட செய்தியே வந்ததில்லை. எல்லோருக்கும் பாசம், தொழில், சொத்து. "சீட்டக்கா கை ராசி" என்று பெயர் பரவியது. கெட்டதைச் சொல்லும் வாயை அடைத்துவிட்டு நல்லதே நடக்கிறது என்று சொல்வது பெரிய பெரிய இடங்களிலும் நடக்கிற வித்தைதான். இவளை மட்டும் தனியாக ஏன் திட்ட வேண்டும்?

திட்டத்தான் வேண்டும். ஏனென்றால் தங்கை வந்தாள்.

தங்கை வருவது புதிதல்ல. கன்னத்திலோ கழுத்திலோ ஏதாவது ஒன்றோடு வருவாள். சீட்டக்கா கன்றிய நீலத்தின் மேல் ஆரஞ்சுப் பூச்சு வைத்து, அதன்மேல் தோல் நிறப் பூச்சைத் தட்டித் தட்டிப் பரப்பி, பவுடர் போட்டு அனுப்புவாள். அவ்வளவு நேர்த்தியாகச் செய்வாள், தங்கையின் மாமியாரே, "கல்யாணம் ஆனதும் நல்லா கலர் கூடியிருக்கா" என்று சொன்னாராம்.

இந்த முறை இடது கண்ணுக்குக் கீழே. அக்கா வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அன்று சாயங்காலம் கணவன் அழைத்துப்போக வருவதாகப் போன் செய்திருந்தான். போவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அக்காவிடம் கேட்கவில்லை. சீட்டிடம் கேட்டாள்.

"எனக்கும் ஒரு தடவை போட்டுப் பாருக்கா."

"உனக்கெதுக்குடி இதெல்லாம்?"

"ஊருக்கெல்லாம் பாக்கற, கூடப் பொறந்தவளுக்குப் பாக்க மாட்டியா?"

பக்கத்து நாற்காலியில் சாயத்தோடு உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சர், "போடுங்க அக்கா, பாவம்" என்றார். வாடிக்கையாளர் முன்னால் மறுத்தால் கடைச் சரக்கைக் கடைக்காரியே நம்பவில்லை என்றாகிவிடும். சீட்டக்கா கலைத்தாள். தங்கை மூன்று எடுத்தாள்.

இரண்டு கோப்பை: ஆணும் பெண்ணும் கோப்பை மாற்றிக்கொள்கிறார்கள். ஆறு கோப்பை: பழைய அன்பு திரும்பி வருகிறது. பத்து கோப்பை: வானவில், வீடு, கைகோத்த குடும்பம், ஆடும் குழந்தைகள்.

"மூணும் கோப்பை!" டீச்சர் துள்ளியதில் சாயம் காதில் வழிந்தது. "இப்படி வர்றது எவ்வளவு அபூர்வம் தெரியுமா? பிள்ளைங்களுக்கு நான் நிகழ்தகவு நடத்தறவ, சொல்றேன்." நிகழ்தகவு நடத்துகிறவர், கட்டில் எத்தனை சீட்டு இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போயிடறேன்க்கா. கொஞ்சம் முகத்த மட்டும் சரி பண்ணி விடு. அவர் வந்துடுவாரு."

சீட்டக்கா பூச்சுப் பெட்டியைத் திறந்தாள். விரல் நுனியில் ஆரஞ்சு எடுத்தாள். எடுத்த விரல் அப்படியே நின்றது. பிறகு கைகழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்து, டவல்களை இழுத்துப் போட்டு, பதினான்கு சீட்டையும் கொண்டுவந்து மேஜையில் பரப்பினாள்.

"இது எல்லாம் கட்டுல இல்ல. நான்தான் எடுத்து வெச்சேன். நீ எப்ப எடுத்தாலும் நல்லதுதான் வரும். அது ஏமாத்து வேல."

தங்கை சிரித்தாள்.

"நான் போகக் கூடாதுன்னு இப்படிச் சொல்ற."

"இங்க பாரு." எட்டு வாள் சீட்டைத் தூக்கிக் காட்டினாள். கண் கட்டிய பெண், உடம்பைச் சுற்றிக் கட்டு, சுற்றிலும் நட்டு வைத்த வாள்கள். "கால்ல கட்டு இல்ல பாத்தியா? நடந்து வெளிய போலாம். போகலாம்னு அவளுக்குத் தெரியல, அவ்வளவுதான். இது யாருன்னு தெரியுதா?"

"எனக்கு இந்தச் சீட்டு வரலையேக்கா. வராத சீட்டு எனக்கு எப்படிப் பொருந்தும்?"

"கட்டுல இருந்தாத்தானேடி வரும்!"

"கட்டுல இல்லாததுக்கும் ஒரு காரணம் இருக்கும்ல?" என்றார் டீச்சர், மெதுவாக.

"சரி, எல்லாத்தையும் சேத்துக் கலைக்கறேன். மறுபடியும் எடு."

"ஒரே கேள்விய ரெண்டு தடவ கேட்டா சீட்டு கோவிச்சுக்கும்னு நீதானக்கா சொல்லுவ?"

சொல்லியிருக்கிறாள். பிடித்த பதில் வரும்வரை திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்லி நச்சரிக்கும் வாடிக்கையாளர்களைச் சமாளிக்க அவளே செய்த சட்டம். மூட நம்பிக்கையில் இதுதான் கொடுமை. விதைத்தவள் தவறு என்று ஒப்புக்கொண்டாலும் அது வாடுவதில்லை. ஒப்புதலையும் ஒரு சகுனமாக்கிக்கொண்டு இன்னும் செழிக்கும்.

சீட்டக்கா விரலிலிருந்த ஆரஞ்சைப் பஞ்சில் துடைத்தாள். பெட்டியை மூடினாள்.

"என்ன வேணாப் பண்ணிக்க. ஆனா இன்னிக்கு நான் பூச மாட்டேன். இத்தன நாள் பூசினதுக்கே என் கைய ஒடிக்கணும்."

"அக்கா, அவர் வர நேரம்..."

"வரட்டும். செஞ்சவன்தானே. பாக்கட்டும்."

மாடிப்படியில் செருப்புச் சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு அவன் வந்தான். மடிப்புக் கலையாத சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. "நல்லா இருக்கீங்களாக்கா?" என்றான். டீச்சருக்கும் ஒரு வணக்கம் வைத்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே இருந்தது, குரல்தான் இறங்கியது.

"என்ன, இன்னும் மூஞ்சிய சரி பண்ணலையா? அதுக்குத்தானே இங்க விட்டு வெச்சேன்? எங்கம்மா பாத்தா என்ன நினைப்பாங்க?"

தங்கை கண்ணாடியில் தன் கண்ணைப் பார்த்தாள். பிறகு அதே கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். 'வலிக்குதா' என்று அவன் கேட்பான் என்று ஒரு வாரமாகக் காத்திருந்தாள் போலும். அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி மின்விசிறி கீச்சிட்டது. மேஜையில் மூன்று கோப்பைச் சீட்டும் விரித்தபடியே கிடந்தன. அவள் அவற்றைப் பார்க்கவே இல்லை.

"அம்மா பாக்க மாட்டாங்க," என்றாள். "நான் வரல."

"என்ன சொன்ன?"

"வரல. நீங்க போங்க."

அவன் ஓரடி எடுத்து வைத்தான். சாயம் வழியும் தலையோடு கணக்கு டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்து நடுவில் நின்றார். "தம்பி, இது பொம்பளைங்க கடை. படி அந்தப் பக்கம்."

அவன் இறங்கிப் போன சத்தம் ஓய்ந்த பிறகு டீச்சர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முதல் வேலையாக, "எனக்கு முன்னாடியே தெரியும். ஆறு கோப்பை அவளுக்குத் தலைகீழா வந்துது, அப்படி வந்தா பலனும் தலைகீழ்தானே, நான் கவனிச்சேன்" என்றார்.

சீட்டக்கா அவர் தலையைப் பிடித்து, தண்ணீரைத் திறந்துவிட்டாள்.