கொட்டிலுக்கு வெளியே விழுந்த ரவை

என் மனிசனுக்குத் துவக்கு என்றால் பயம். எனக்கு வேட்டை என்றால் உயிர். இந்த இரண்டையும் ஒரே வீட்டுக்குள் வைத்துக்கொண்டு மூன்று வருஷம் குடும்பம் நடத்தினோம். கியூபெக்கில், பியர்பொன்ட்ஸ் என்ற இடத்தில், எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில், பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் துவக்கு இருந்தது. உடுப்புத் தோய்க்கக் கீழே போனாலும் அவர் மற்றப் பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் போவார். "பூட்டின பெட்டி எழும்பி வந்து கடிக்குமோ? சரியான பயந்தாங்கொள்ளி" என்று நான் பகிடி பண்ணுவேன். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிடுவார்.

எங்கள் ஆட்களில் ஒரு பொம்பிளை வேட்டைக்குப் போகிறாள் என்றால் கோயிலில் கதைப்பதற்கு வேறொன்றும் தேவையில்லை. கதைக்கட்டும். நான் வயோதிபர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். என்னை இதற்குள் இழுத்துவிட்டவள் அங்கே என்னோடு வேலை செய்கிற ஒரு கியூபெக்காரி. வடக்கே மலைப்பக்கம் அவளுடைய தகப்பனுக்குக் காட்டு நிலம் இருக்கிறது. நான் வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசென்ஸ் எடுத்து, அவளோடு முதல் தடவை போனபோது மானின் வாலைக்கூடக் காணவில்லை. ஆனால் விடிந்ததிலிருந்து மத்தியானம் வரைக்கும் "அம்மா, அது எங்க, இது எங்க" என்று ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து எனக்கு அப்படி ஒரு காலைப்பொழுது வாய்த்ததில்லை. அடுத்த வருஷம் மானும் கிடைத்தது. வறுத்த தூள் போட்டுப் பிரட்டி வைத்தபோது, துவக்கைக் கண்டு ஒதுங்குகிற மனிசன் மூன்றாம் முறையும் சட்டிக்குள் கரண்டி விட்டார்.

அவருடைய பயத்திலும் நியாயம் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஊரில் அவருக்கு மீசை அரும்புகிற வயதில், பக்கத்து வளவின் வேலியோரம் ஒரு துவக்கு ரவை கிடந்தது. யார் போட்டது என்று யாருக்குத் தெரியும்? சுற்றிவளைப்புக்கு வந்த ஆமி அதைக் கண்டெடுத்து, அந்த வீட்டுப் பெடியனைக் கொண்டுபோனது. அவன் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு இவர்கள் வீட்டில் விடிந்ததும் முதல் வேலை முற்றத்தையும் வேலிக்கரையையும் குனிந்து குனிந்து பார்ப்பது. எதையாவது கண்டால் பொறுக்கிக் கிணற்றுக்குள் போட்டுவிடுவார்கள். இந்தக் கதையை அவர் எனக்கு ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

போன ஐப்பசியில் அந்தக் கியூபெக்காரித் தோழி வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். காட்டுக்கு என்னைத் தனியாகப் போக அவளுடைய தகப்பன் விடமாட்டார். இந்த வருஷம் அவ்வளவுதான் என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனிசன் தானாகவே வாயைத் திறந்தார்.

"சஷ்டி விரதம் முடியட்டும். நான் வாறன். ஒருக்கா வந்து பாத்திட்டுச் சொல்லுறன், உந்தச் சாமான் வீட்டில இருக்கலாமோ இல்லையோ எண்டு. நான் வேண்டாமெண்டு சொன்னா நீர் குடுத்துப்போட வேணும்."

துவக்கைக் கொடுக்கிற எண்ணமே எனக்கு இருந்ததில்லை. ஆனாலும் "சரி" என்றேன். மூன்று வருஷமாக இழுபட்ட விஷயம், எப்படியும் ஒரு முடிவு வரத்தானே வேண்டும்.

போவதற்கு முதல் நாள், துடைத்து வைப்பதற்காகத் துவக்கைக் கழற்றிக் கீழே மேசையில் பரப்பினேன். மேலே துணி எடுக்கப் போன இடத்தில் தங்கச்சியின் போன் வந்தது. அவள் பிடித்தால் லேசில் விடமாட்டாள். நான் திரும்பி வந்து பார்க்க, மனிசன் மேசையடியில் நிற்கிறார். கண்ணாலும் பார்க்காத சாமானைக் கையில் எடுத்து, துடைத்து, பளபளவென்று அடுக்கி வைத்திருக்கிறார்.

"எண்ணெயும் விட்டிருக்கிறன். இனி வழுக்கிக்கொண்டு போகும்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன எண்ணெய் என்று யார் கேட்பார்கள்? அந்த அறையில் தேங்காயெண்ணெய் மணத்தது. அது அவருடைய தலை மணம் என்று நினைத்தேன். அந்த மணமில்லாமல் அவர் எந்த நாளும் இருந்ததில்லை.

அடுத்த நாள் விடியக் காட்டில் நல்ல குளிர். நிலத்தில் சருகும், மேலே கொஞ்சம் பனியும். மானுக்குக் காத்திருப்பதற்காகப் பலகையால் அடித்த சின்னக் கொட்டில் ஒன்று அங்கே இருந்தது. முன்பக்கத்தில் நெஞ்சு உயரத்துக்குத் திறந்த ஜன்னல், பின்னால் கதவு. ஜன்னல் பலகையில் துவக்கை வைத்துக்கொண்டு நான் இருந்தேன். அவர் எனக்குப் பின்னால் வாங்குப் பலகையில், குல்லாவைக் காது மறைய இழுத்துவிட்டு, பிளாஸ்கைக் கட்டிப்பிடித்தபடி இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நல்ல அமைதியாத்தான் இருக்கு." எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. துவக்கு வீட்டில் இருக்கலாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

வெளி தாண்டி மரங்களுக்குள்ளிருந்து கிடாய் மான் ஒன்று வந்து நின்றது. நான் குறி பார்த்து, மூச்சை அடக்கி, விசையை இழுத்தேன். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். வெடிக்கவில்லை.

இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள். திருப்பக் கூடாது, திறக்கக் கூடாது. சில நேரம் ரவை பிந்தி வெடிக்கும். அதனால் முன்பக்கம் பார்த்தபடியே ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நான் அப்படியே பிடித்திருந்தேன்.

"என்னப்பா, மனம் வரேல்லையோ?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"சத்தம் போடாதேங்கோ. துவக்கு வேலை செய்யேல்லை."

மான் அசையாமல் நின்றது. பொறுத்திருந்துவிட்டு, ரவையை உள்ளே தள்ளுகிற இரும்புத் தண்டைப் பின்னால் இழுத்தேன். அது கஞ்சிக்குள் கரண்டி போவதுபோல இறுகி இறுகி வந்தது. வெடிக்காத ரவை துள்ளி, ஜன்னல் பலகையில் பட்டு, வெளியே சருகுக்குள் விழுந்தது. என் கண் மானில் இருந்தது. பின்னால் கதவு திறந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அடுத்த ரவையோடு தண்டை, மான் மிரளாதபடி, இறுக்கத்தோடு மல்லுக்கட்டி மெல்ல மெல்ல முன்னே தள்ளிக் கீழே அமர்த்தினேன். என் விரல் விசையில் இல்லை, சத்தியமாக இல்லை. துவக்கு தானாக வெடித்தது.

மான் போய்விட்டது. காது இரைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் ஜன்னலுக்குக் கீழே நீல ஜாக்கெட்டின் முதுகைக் கண்டேன். துவக்கின் வாய்க்குச் சரியாகக் கீழே, ஒரு சாண்கூட இல்லை, மனிசன் குந்தியிருந்து இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

எப்படி வெளியே ஓடினேன் என்று தெரியாது. தலையைத் தடவினேன், கழுத்தைத் தடவினேன், ஜாக்கெட்டைத் திறந்து பார்த்தேன், என் கையைப் பார்த்தேன். ரத்தம் இல்லை. அதற்குப் பிறகுதான் வாய் திறந்தது.

"உங்களுக்கு மண்டை பிழையோ? துவக்குக்கு முன்னால ஆரும் வருவினமோ? நிமிந்திருந்தா என்ன நடந்திருக்கும்? பிள்ளையளுக்கு நான் என்ன சொல்லுறது?"

அவர் கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் அந்த ரவை இருந்தது.

"கீழ கிடந்தது" என்றார். "எடுத்திட்டன்."



அவரை உள்ளே கூட்டிவந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் இடது கையால்தான் வாங்கினார், வலது கையில் ரவை இருந்தது. துவக்கை வெறுமையாக்கி, தண்டைக் கழற்றிப் பார்த்தேன். அதன் ஓட்டையெல்லாம் மெழுகு உறைந்ததுபோல வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. விசைப்பக்கமும் அப்படித்தான். அடிக்க வேண்டிய ஊசி அடிக்கவில்லை, பிடித்து நிற்க வேண்டியது பிடிக்கவில்லை. நகத்தால் சுரண்டி விரலுக்கிடையில் தேய்த்தேன். சூடு பட்டு உருகி மணத்தது.

குளிர் தொடங்கினால் எங்கள் வீட்டில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் கல்லாகிவிடும். தலைக்கு வைப்பதற்கு முதல் சுடுதண்ணீருக்குள் நிறுத்தி இளக்குவோம். காலையில் அதைச் செய்கிற ஆள் அவர்தான்.

 விரலை ஜாக்கெட்டில் துடைத்தேன். ஆனால் மணம் அவருக்கும் போய்விட்டது.

"அது எங்கட எண்ணெய் எல்லே" என்றார்.

"ஓம்."

"கதவுக்கு, தையல் மெஷினுக்கு எல்லாத்துக்கும் அதைத்தானே விடுறனான்."

"தெரியுமப்பா."

திரும்பி வருகிற வழியில், வேட்டை அதிகாரிகள் கார்களை மறித்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள். வேட்டைக் காலத்தில் வழமையாக நடப்பதுதான். என்னிடம் எல்லாம் சரியாக இருந்தது, மான்கூட இல்லை. அதிகாரிப் பெடியன் ஒருத்தன் குனிந்து "போன்ஜூர்" என்றான். மனிசன் அவனைப் பார்க்கவேயில்லை. வலது கையை ஜாக்கெட் பைக்குள் விட்டு இறுகப் பொத்திக்கொண்டு, முகம் வெளிறி, நேரே பார்த்தபடி இருந்தார். அவன் காரைப் போகவிட்டதும்தான் மூச்சு விட்டார். வீட்டு வாசலில் இறங்கியபோதும் கை வெளியே வரவில்லை.

"இதை எங்க போடுறது?" என்று கேட்டார். "இஞ்ச கிணறும் இல்லை."

வாங்கி வைத்து, அடுத்த நாள் துவக்குக் கடையில் கொடுத்தேன். கடைக்காரன் துவக்கையும் கழுவித் துப்புரவாக்கித் தந்தான்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. போன கிழமை கீழே போனபோது, இரும்புப் பெட்டிக்கு மேலே ஒரு புதுப் போத்தல் இருந்தது. துவக்குக்கென்றே விற்கிற எண்ணெய். அவர்தான் வாங்கி வைத்திருக்கிறார். மேலே வந்தேன், சாப்பாட்டு மேசையில் இருந்தார்.

"நானும் அந்த வகுப்புக்குப் பதிஞ்சிட்டன்" என்றார். "தெரியாமத் தொட்டதுதான் பிழை. சாமானில பிழையில்லை. அது வீட்டில இருக்கட்டும். இந்த முறை எப்ப போறம்?"

அந்த மூன்று வருஷமும் நான் காத்திருந்த சொல் அது. ஆனால் இப்போது கண்ணை மூடினால் எனக்கு மான் வருவதில்லை. நீல ஜாக்கெட்டின் முதுகுதான் வருகிறது. சில நாட்களில் அது குனிந்திருப்பதில்லை, நிமிர்ந்து நிற்கிறது.

"வேண்டாம்" என்றேன். "குடுத்துப்போடுவம்."

"ஏனப்பா? உமக்குப் பயமோ?"

"ஓம்" என்றேன்.

அவர் என்னைப் பகிடி பண்ணவில்லை. எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தார்.