பின்சீட்டில் ஒரு மீட்டர் ஸ்கேல்

எங்கள் வீட்டு பீரோவுக்குப் பின்னால் ஒரு மர ஸ்கேல் சாய்ந்து கிடக்கிறது. கரும்பலகையில் கோடு போடுவதற்கு வாத்தியார்கள் தூக்கிக்கொண்டு போவோமே, அந்த ஒரு மீட்டர் ஸ்கேல். அதன் ஒரு முனை தார்ச்சாலையில் உரசித் தேய்ந்து, முதல் சென்டிமீட்டரே காணாமல் போய்விட்டது. பரண்மேல் இருக்கும் பையைத் தள்ளுவதற்கும், அடுத்த வீட்டு சன்ஷேடில் விழுந்த துணியை இழுப்பதற்கும் என் மனைவிக்கு அது உதவுகிறது. ஆனாலும் பொங்கலுக்கு வீடு ஒதுங்கவைக்கும்போதெல்லாம், "ரிட்டயர்டு ஆகியாச்சு, இன்னும் என்னத்த அளக்கப் போறீங்க, தூக்கிப் போடுங்க" என்று ஒருமுறை சொல்லிவிடுவார். நான் போடுவதில்லை. ஒரு கோடை விடுமுறை முழுக்க அந்த ஸ்கேல் என் இடது காலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. கட்டியவர் எங்கள் தலைமையாசிரியை.

திருநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அவர் அங்கே தலைமையாசிரியையாக வந்தபோது எனக்கு ஓய்வுபெறச் சில ஆண்டுகளே பாக்கி. அவருக்கும் கிட்டத்தட்ட என் வயதுதான். நல்ல உயரம். மதுரைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த சௌராஷ்டிரக் குடும்பம். போனில் வீட்டாரோடு அவர்கள் மொழியில் பேசும்போது மட்டும் குரல் கொஞ்சம் இளகும். மற்றபடி குரலை உயர்த்தவும் மாட்டார், இறக்கவும் மாட்டார். பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டும் என்று கல்வி அலுவலகத்தில் போய்க் கேட்டபோது அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரம் போனார். அதற்கடுத்த வாரமும், அதற்கும் அடுத்த வாரமும் போனார். சண்டை போடவில்லை, புகார் எழுதவில்லை. வெறுமனே போய் அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். குழாய் வந்துவிட்டது. அப்படிப்பட்டவர் ஏப்ரல் மாதக் கடைசியில் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "உங்க எடை எம்புட்டு சார்?" என்று கேட்டார்.

எண்பத்து நாலு கிலோ என்று சொன்னேன். "உயரமும் சரியாருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்: பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கப் போகிறார், ஓட்டிப் பார்க்க நானும் கூடவே வரவேண்டும். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஆசிரியர் அறையில் வண்டிகளைப் பற்றிப் பேசினால் என்னைத் தாண்டி யாரும் பேசிவிட முடியாது. அன்றைக்கு ராத்திரி மைலேஜ், சிசி, டார்க் என்று போனில் துருவித் துருவிப் படித்து வைத்துக்கொண்டேன். அவற்றில் ஒன்றைக்கூட அவர் என்னிடம் கேட்கவே இல்லை. அவருக்கு வேண்டியது என் அறிவு அல்ல, என் உடம்பு.

அவர் கணவர் சேலை வியாபாரம் செய்தவர். கனத்த பழைய பைக் ஒன்றில் டி. கல்லுப்பட்டி, பேரையூர் என்று ஊர் ஊராகப் போய்ச் சரக்குப் போட்டு வந்தவர். ரிங் ரோட்டில் ஒரு லாரி ஒதுக்கியதில் இடது முழங்கால் நொறுங்கிப்போனது. டாக்டர்கள் காலைக் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் முழங்கால் மடங்காது. குச்சி ஊன்றி நடப்பார். ஆட்டோவில் ஏறினால் கால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். காரில் போவதென்றால் பின்சீட்டில் குறுக்காகப் படுக்க வேண்டும். இரண்டு தடவை அப்படிப் போய்விட்டு வந்து, "சரக்கு மூட்டை மாதிரி ஏத்தி எறக்குறாங்க" என்றாராம். அதற்குப் பிறகு வெளியே போவதை நிறுத்திவிட்டார். கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, ஹாலுக்கும் வாசல் கேட்டுக்கும் நடுவிலேயே இரண்டு வருஷம் ஓட்டிவிட்டார். சொந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டபோதும், "பைக்ல போற அன்னைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டாராம். பேச்சை முடித்துவிடத்தான் அவர் அப்படிச் சொன்னது. மேடம் அதை ஒரு நிபந்தனையாக எடுத்துக்கொண்டார்.

மேடத்திடம் இருந்த ஸ்கூட்டரில் அந்தக் கால் எங்கேயும் அடங்காது. நீளமான சீட், ஆள் பாரத்துக்கு அசையாத கனம், நீட்டிய கால் மேடத்தின் காலைத் தாண்டி முன்னால் போய் உட்கார ஓர் இரும்புக் கம்பி, இவ்வளவும் உள்ள வண்டி வேண்டும். வீட்டுக்காரரைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். எனவே அவரை மாதிரியே உயரமும் தொப்பையும் உள்ள ஓர் ஆளைத் தேடியிருக்கிறார், நான் அகப்பட்டேன். முதல் ஷோரூமின் வாசலில் வைத்துத்தான், கொண்டுவந்த ஸ்கேலை எடுத்து என் தொடையிலிருந்து குதிகாலுக்குக் கீழே வரை வைத்து, ஒரு நீலக்கட்டம் போட்ட துண்டைக் கிழித்து இறுக்கக் கட்டினார். நான் காலை நீட்டிக்கொடுத்தேன். தலைமையாசிரியை குனிந்து காலில் கட்டுப் போடும்போது என்ன பேசுவது?

கடைக்காரர்களுக்கும் ஒன்றும் புரியவில்லை. டை கட்டிய விற்பனையாளர் சாவியை என்னிடம் நீட்டினார். மேடம் குறுக்கே கைநீட்டி வாங்கிக்கொண்டார். "ஓட்டப் போறது நான். சார் பின்னாடி உக்காருவாரு." காலேஜ் நாட்களிலேயே அண்ணனின் வண்டியை ஓட்டிப் பழகியவர், கியர் வண்டி லைசென்ஸும் வைத்திருந்தார். முதல் வண்டி இளவட்டங்கள் ஓட்டுவது; பின்சீட் என்று ஒரு சின்னத் துண்டு மேலே எங்கேயோ இருந்தது. என் கால் சாய்வாகக் காற்றில் நீட்டிக்கொண்டு நின்றது. பழங்காநத்தம் சிக்னலில் ஓர் ஆட்டோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அண்ணே, இண்டிகேட்டர் போட்டாச்சு, திரும்புறதுதான" என்றார். மேடம் சிரிக்கவில்லை. திரும்பி வந்து சாவியைக் கொடுத்துவிட்டு, "இது இல்ல" என்றார், அவ்வளவுதான்.

இரண்டாவது வண்டி தாழ்வானது, சீட் சோபா போல இருந்தது. எனக்குப் பிடித்துப்போனது. ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோதுதான் ஸ்கேலின் முனை தரையில் கரகரவென்று இழுபட்டது. கியர் மாற்றும்போதெல்லாம் அவர் பாதம் என் காலில் இடித்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு திருப்பத்தில் நாய் குறுக்கே வந்தது. அவர் பிரேக் பிடித்துக் காலை ஊன்றுவதற்குள் வண்டி இடது பக்கம் சாய ஆரம்பித்தது. இத்தனை வருஷம் வண்டி ஓட்டிய உடம்பு எனக்கு; தன்னால் இடது காலை ஊன்றப் பார்த்தது. கால் வரவில்லை. மெதுவாகத்தான் விழுந்தோம், முன்னால் இருந்த கம்பி தாங்கிக்கொண்டதால் யாருக்கும் அடியில்லை. ஆனால் அந்த ஒரு நொடி போதும் எனக்கு. தூக்கிவிட வந்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். கட்டை அவிழ்த்து ஸ்கேலை அவர் கையில் கொடுத்து, "மேடம், வேற ஆளப் பாருங்க. எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, "விழும்போது என்ன சார் தோணுச்சு?" என்று கேட்டார்.

"கால ஊன முடியலையேன்னு தோணுச்சு மேடம். வேற எதுவும் தோணல."

அவர் காபியைக் குடிக்காமல் கீழே வைத்தார். "அவருக்கும் அதான தோணும்" என்றார். பிறகு, "நான் சீட்டயே பாத்துக்கிட்டு இருந்துட்டேன் சார். நான் வண்டிய நிறுத்துறதத்தான் மொதல்ல பாத்துருக்கணும். இப்பிடி ஒரு தடவ விழுந்து அவர் எறங்குனாருன்னா, அப்புறம் சாகுற வரைக்கும் ஏற மாட்டாரு." கண் கலங்கியதா என்று சொல்லத் தெரியவில்லை, அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறுபடி வருகிறேன் என்று சொன்னேன். எனக்கே அது ஆச்சரியம்தான்.

மூன்றாவது வண்டி முந்நூற்றைம்பது சிசி, நல்ல கனம், தட்டையான நீள சீட். முன்பக்கக் கம்பி அகலமாக இருந்ததால் குதிகாலை அதன்மேல் வைத்தால், மேடத்தின் பாதத்தில் இடிக்காமல் கால் வெளியே நிம்மதியாகக் கிடந்தது. விற்பனையாளர், "ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வாங்க மேடம், போதும்" என்றார். "ஒரு ரவுண்டுல வண்டி நல்லாருக்கான்னு தெரியும் தம்பி. நான் நல்லா ஓட்டுறனான்னு தெரியாது" என்றார் மேடம். மேனேஜர் வரைக்கும் போய், எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். தண்ணீர்க் குழாய் வந்த கதைதான். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கொடுத்து, துணைக்கு அந்த விற்பனையாளரையும் ஸ்கூட்டரில் பின்னால் அனுப்பினார்கள்.

கீழக்குயில்குடி ரோட்டில் போனோம். போனோம் என்பதைவிட நின்றோம் என்று சொல்லலாம். கொஞ்ச தூரம் போவார், நிறுத்துவார். வண்டி நிற்பதற்கு முன்பே இரண்டு காலும் தரைக்கு வந்துவிட வேண்டும் என்பது அவர் தனக்குப் போட்டுக்கொண்ட கணக்கு. ஏற்றத்தில் நிறுத்தினார், மணலில் நிறுத்தினார், எதிரே பஸ் வரும்போது வேண்டுமென்றே நிறுத்தினார். நான் பின்கம்பியைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துவிட்டது. வாய்க்கு வந்ததை எல்லாம் முணுமுணுத்தேன். அவர் கேட்டிருப்பார், கண்டுகொள்ளவில்லை. வெயில் ஏறிவிட்டது. அவருடைய முதுகு சுடிதாரோடு நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மலை அடிவாரத்துத் தாமரைக்குளத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது வண்டியை இன்னொரு முறை நிறுத்திவிட்டு, இந்தத் தடவை கிளப்பாமல் அப்படியே நின்றார்.

"இந்த வண்டிதான் சார்" என்றார்.

எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே, "உங்க கை எங்க இருக்குன்னு பாருங்க" என்றார். குனிந்து பார்த்தேன். வேர்வை படிந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இரண்டு கைகளாலும் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தேன். எப்போது பிடியை விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. கிளம்பியதிலிருந்து அவர் என் கைகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

ஜூன் மாதத்தில் வண்டி வந்துவிட்டது. அன்றைக்கும் ஸ்கேலைக் கட்டி என்னைப் பின்னால் வைத்துத்தான் தன் வீட்டுக்கு ஓட்டிப் போனார். சத்தம் கேட்டு அவர் கணவர் குச்சியை ஊன்றிக்கொண்டு கேட் வரைக்கும் வந்தார். மேடம் அவர்கள் மொழியில் என்னவோ சொன்னார். அவர் சட்டென்று ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். அது என்ன வார்த்தையாக இருந்தாலும் சம்மதம் இல்லை என்று முகமே சொன்னது. மேடத்தின் கை ஹாண்டில்பாரில் இறுகியதைப் பார்த்தேன். இரண்டு மாதப் பாடும் வீணாகிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் கணவரோ வண்டியைப் பார்க்காமல் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என் துண்டுல்ல?" என்றார் தமிழில். "ரெண்டு மாசமாத் தேடுறேன்." பிறகு கிட்டத்தில் வந்து, நீட்டிக்கொண்டிருந்த என் குதிகாலையும் அது உட்கார்ந்திருந்த கம்பியையும் தொட்டுப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "நிறுத்தும்போது எப்பிடி இருக்கு சார்?" என்றார்.

"ஒண்ணும் தெரியலைங்க. வண்டி நிக்கிறதுக்கு முந்தியே மேடம் ரெண்டு காலையும் ஊனிர்றாங்க. மொதல்ல பயந்தேன். இப்ப இல்ல."

அவர் இன்னொரு முறை என் காலைப் பார்த்தார். தன் காலை இன்னொரு மனிதனிடம் பார்ப்பது அவருக்கு எப்படி இருந்ததோ. அப்புறம் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். "எறங்குங்க சார். அது என் எடம்."

இறங்கினேன். என் ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டார். "இதக் கொஞ்சம் பிடிங்க" என்று குச்சியை என் கையில் கொடுத்துவிட்டு, மடங்காத காலை ஊன்றி மற்றக் காலைத் தூக்கிப் போட்டு, நாள்தோறும் செய்கிறவரைப் போல ஏறி உட்கார்ந்தார். வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்துவிட்டது. அவர்கள் இருவருக்கும் என் நினைப்பே இல்லை. முடிச்சு காலுக்குப் பின்பக்கம் இருந்தது. என் தொப்பைக்குக் குனிந்து அவிழ்க்க முடியவில்லை. அவருடைய காலோடும் அவருடைய குச்சியோடும் அந்தக் கேட் ஓரத்தில் நின்றேன். போனவர்கள் வந்தவர்கள் எல்லாம், "என்ன சார், கால்ல அடியா?" என்று கேட்டார்கள். வேறு யாராவது இப்படி என்னை நிற்கவைத்திருந்தால் நான் ஊரைக் கூட்டியிருப்பேன். அன்றைக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷமாக இருந்தது. அவர்கள் வருவதற்கு வெகுநேரம் ஆனது.

அந்த ஸ்கேல் அப்படியே என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. மேடமும் நானும் ஓய்வு பெற்றாகிவிட்டது. இந்தப் பொங்கலுக்கு ஒதுங்கவைக்கும்போதும் என் மனைவி ஸ்கேலை எடுத்து வாசல் பக்கம் கொண்டுபோனார். சரியாக அப்போது தெருவில் கனத்த வண்டியின் சத்தம் கேட்டது. மேடம் ஓட்டிக்கொண்டு வந்தார், எங்களைப் பார்த்துத் தலையை அசைத்தார். பின்சீட்டில் அவர் கணவர், இடது கால் முன்னால் நீண்டு கிடக்க, இரண்டு கைகளாலும் ஒரு கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். வண்டி போன பிறகும் என் மனைவி வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து, ஸ்கேலைத் துணியால் துடைத்து பீரோவுக்குப் பின்னால் வைத்தார்.