லொறி தராதவருக்கு ஒரு பூசை

வியாழக்கிழமை முதற்பாடம் நடந்துகொண்டிருந்தபோது, கோயிலில் மணி அடிக்கும் சவரிமுத்து பாடசாலை வாசலில் வந்து நின்றான். "வாத்தியாரய்யா, இடியாப்பக்கார அந்தோனியம்மா போயிட்டாங்க" என்றான். எனக்கு அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம். இன்றைக்குப் பெரிய கிளாக்கர் நிம்மதியாக உறங்குவார் என்ற ஆத்திரம்.

கண்டி ஸ்டேஷனடியில் அந்தோனியம்மாவிடம் இடியாப்பம் வாங்கியவர்களே, உங்களில் பலருக்கு அவருடைய பழைய கதை தெரியாது. அவர் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்தவர். ஒரே மகள் லூர்துமேரி பிரசவத்தில் இரண்டு நாள் துடித்தபோது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறியைக் கேட்டுத் தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கரின் காலில் விழுந்தார். "லொறி தேயிலைப் பெட்டி ஏத்தத்தான் இருக்கு. ஒங்க சனத்துக்குப் புள்ள பெறத் தெரியாதா?" என்றாராம் கிளாக்கர். கம்பளியில் தூளி கட்டி, நாலு பேர் மழையில் சுமந்துகொண்டு இறங்கினார்கள். வழியில் அதே லொறி ஹோன் அடித்து அவர்களை ஒதுங்க வைத்துவிட்டுப் போனது. அடுத்த வளைவு வருமுன் லூர்து போய்விட்டாள். வயிற்றுப் பிள்ளையும்தான்.

அதன் பிறகுதான் அந்தோனியம்மா டவுனுக்கு வந்தார். சர்வேசுரன் சோதிக்கிறார், இதிலும் ஒரு நோக்கம் இருக்கும் என்று ஆறுதல் சொன்னவர்களில் நானும் ஒருவன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "லொறி இல்லைன்னது சர்வேசுரன் இல்லீங்க. சொன்னவரு மூஞ்சிய நான் பாத்தேன்" என்றார். அதன்பின் நான் யாருக்கும் அப்படி ஆறுதல் சொன்னதில்லை.

சில வருடங்களில் பெரிய கிளாக்கரும் பென்ஷன் வாங்கிக்கொண்டு கண்டிக்கு வந்து, நம் கோயிலின் முன்வரிசைக் கதிரையில் அமர்ந்தார். மறுநாளே அந்தோனியம்மா என்னிடம் வந்தார்.

"வாத்தியாரய்யா, பூசையில வாசிச்சி வேண்டிக்க ஒரு பூசைக் கருத்து எழுதணும்."

"ஆருக்கு?"

"பெரிய கிளாக்கரு ஆத்துமத்துக்கு."

மன்னித்துவிட்டார் என்று நான் நெகிழ்ந்தே போனேன். பிறகு அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'பிரசவத்தில் துடித்த லூர்துமேரிக்கு லொறி தராத இன்னாருக்காக, அவளுடைய தாய் வேண்டிக்கொள்கிறாள்.' இன்னார் என்ற இடத்தில் முழுப்பெயர். சுவாமியார் தயங்கினார். "பாவிக்காக வேண்டக்கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு சாமி?" என்று அந்தோனியம்மா கேட்டதும் அந்தத் துண்டுக் கடதாசியை வாங்கிக்கொண்டார்.

மாதந்தோறும் முதல் ஞாயிறு அது வாசிக்கப்பட்டது. கிளாக்கரின் தலை தொங்குவதைப் பின்வரிசையிலிருந்து நான் ரசித்தேன். பாவசங்கீர்த்தனத்தில் இதை நான் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லப்போவதுமில்லை. தாங்க முடியாமல் அவர் ஒருநாள் இடியாப்பக் கடைக்கே வந்து, "போதும்மா, நிறுத்துங்க" என்றார். "கோயில்ல எந்திரிச்சி நின்னு, லொறி இருந்துச்சி, நான்தான் குடுக்கலன்னு சொல்லுங்க. அன்னைக்கே நிறுத்துறேன்" என்றார் அந்தோனியம்மா. கிளாக்கர் திரும்பிப் போனார்.

போன வருடம் அதே தோட்டத்தில் இன்னொரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலானது. புதிய கிளாக்கர் கேட்டவுடனே லொறியை அனுப்பினார். "அந்தம்மா ஏம் பேரையும் வாசிக்க வச்சிரும்னு அய்யா பயந்துட்டாரு" என்று லொறி டிரைவர் கடைக்கு வந்து சொல்லிச் சிரித்தான். தாயும் பிள்ளையும் சுகம். அந்தோனியம்மா மாவு பிழிவதை நிறுத்தினார்.

"லூர்து செத்ததுக்கு இதுதான் நோக்கம்னு சொல்லிறாதீங்க, வாத்தியாரய்யா. அது அநியாயம். அவ போன பொறகும் சர்வேசுரன் என்னைய எதுக்கு வச்சிருந்தாருன்னு கேட்டா, இதுக்குத்தான்."

அடக்கத்துக்குக் கிளாக்கர் கறுப்புக் கோட்டுடன் வந்தார். ஒரு பிடி மண் போட்டுவிட்டு என்னருகே வந்து, "பாவம், நல்ல மனுசி. இனி அந்தத் துண்டு வராதுதானே?" என்று கேட்டார். "அந்தோனியம்மா இனி வரமாட்டா" என்று மட்டும் சொன்னேன்.

இடியாப்ப உரலைப் பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொண்டாள். என்னிடம் இருப்பது அவர் சொல்லி நான் எழுதிய அந்த ஒரு வரி. வரும் முதல் ஞாயிறு எல்லோரும் பூசைக்கு வாருங்கள். கிளாக்கர் ஐயா, நீங்களும் வழக்கமான கதிரைக்கு வந்துவிடுங்கள். லூர்துமேரியும் லொறியும் உங்கள் பெயரும் அப்படியே இருக்கின்றன. 'அவளுடைய தாய்' என்றிருந்த இடத்தில் மட்டும் என் பெயரை எழுதியிருக்கிறேன்.