நஸீர் நானா மாற்றிய நிறம்

"அன்ரி, வாப்பா மௌத்தாப் போயிட்டார்" என்று நஸீர் நானாவின் மகள் கிண்ணியாவிலிருந்து தொலைபேசியில் தகப்பனின் மரணத்தைச் சொன்னபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மீனை அப்படியே போட்டுவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன்.

போர்க்காலத்தில் திருகோணமலையில், துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த எங்கள் நிவாரண அலுவலகத்தில் வேலை செய்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களை நாங்கள் கணினியில் பதிவோம். கணினிகளை அவர் பார்த்துக்கொள்வார். திரையை வந்தவர்கள் பக்கம் திருப்பி வைத்தது அவருடைய ஏற்பாடு. "அவங்கட பேர அவங்களே பார்க்கட்டுமே மிஸ்" என்பார். என் கழுத்து போச்சு என்று நான் கத்துவேன்.

கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அந்தப் பதிவுச் செயலியில், நாம் எழுதிக்கொண்டிருக்கும் பெட்டி மட்டும் சிவப்பாகும். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. ஈச்சிலம்பற்றிலிருந்து வந்த ஒரு தாய், மகனின் பெயர் சிவப்புக்குள் விழுந்ததைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"என்ர பிள்ளையின்ர பேரை அழியுங்கோ. எங்களுக்கு ஒண்டும் வேண்டாம்."

சோதனைச்சாவடியில் ஒரு பெயருக்குச் சிவப்புக் கோடு விழுந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் பதியாவிட்டால் அந்தப் பெடியனுக்கு அரிசியும் இல்லை, முகாமில் இடமும் இல்லை. நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

நானா வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு, நிறத்துக்குரிய வரியைத் தேடிப் பச்சையாக்கினார். தாய் வேண்டாமென்று தலையாட்டினார்: பச்சை ஆமி. நீலம் போட்டார். அது நேவி.

"அப்ப நீங்களே ஒரு கலர் சொல்லுங்கம்மா."

"மஞ்சள் போடுங்கோ தம்பி. மஞ்சள் நல்லது."

முதலில் போட்ட மஞ்சள் கண்ணைப் பறித்தது. "என்ன நானா, கலியாண வீடோ?" என்றேன். சிரித்துக்கொண்டே, எழுத்துத் தெளியும்வரை அதை வெளிறச் செய்தார். தாய் திரும்பவும் தன் கதிரையில் இருந்தார். அந்த மகன் பிறகு வந்து தாயோடு அரிசி வாங்கிப் போனான்.

பழைய நிறத்தையே போடச் சொல்லிக் கொழும்பிலிருந்து சத்தம் வந்தது. "ஏலாதெண்டு சொல்லுங்க மிஸ். பழிய என்னில போடுங்க" என்றார். எல்லாக் கணினிகளிலும் மஞ்சள்தான் நின்றது.

அந்த மஞ்சளை நான் விடவில்லை. கணினி மாறும்போதெல்லாம், என் மகன் திட்டத் திட்ட, பெட்டிகளுக்கு அதே நிறத்தைப் போடச் செய்திருக்கிறேன். உங்களுக்கு இந்தச் செய்தியை அனுப்ப நேற்றுக் கணினிக்கு முன்னால் இருந்து, தலைப்புப் பெட்டியில் அவர் பெயரை அடித்தேன். மஞ்சளுக்குள் பெயர் வந்து நின்றது. அந்தத் தாயைப் போல, அழியுங்கோ என்று சொல்ல எனக்கும் வாய் வந்தது.