அறுபது சொட்டு

பெங்களூரில் பட்டாளம் தங்கும் தண்டுப் பகுதியில், பிளாக்பள்ளி மாதா கோயிலுக்குப் பின்புறம் செல்லும் சந்தில், ரெமிஜியஸ் மேஸ்திரியை அறியாதவர் இல்லை. கமர்ஷியல் தெருவில் பட்டாளத்து அதிகாரிகளுக்கு உடுப்புத் தைக்கும் கடை ஒன்றில் அவர் துணி வெட்டும் வேலையில் இருந்தார். சீமையிலிருந்து வந்த கம்பளித் துணியின் மேல் அவர் சுண்ணக்கட்டியால் இழுக்கும் கோடு ஒரே கோடு. அழித்துத் திருத்தியதை ஒருவரும் கண்டதில்லை. நாணயமானவர், கோணல் இல்லாதவர் என்று சந்து முழுவதும் பேசிக்கொள்ளும். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொள்வார். அடக்கம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறாம் ஆண்டு மழைக்காலத்தில் அவருக்குக் கல்லடைப்பு வந்தது. விலாவில் தொடங்கித் தொடை வரை இறங்கும் அந்த வலியில், வாயில் துணியைத் திணித்துக் கடித்துக்கொண்டு தரையில் உருண்டார். பார்க்க வந்த டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அபினைச் சாராயத்தில் ஊறவைத்து இறக்கிய, செம்பழுப்பு நிறமான கசப்பு மருந்து அது. மருந்துக் கடைக்காரர் அதை லாடனம் என்றார். வேளைக்குப் பதினைந்து சொட்டு. சீட்டைக் கடையில் நீட்டினால் பின்புறம் தேதி முத்திரை குத்தி, மருந்தையும் சீட்டையும் திருப்பித் தந்துவிடுவார்கள். அடுத்த முறையும் அதே சீட்டு செல்லும்.

அவர் மனைவி ஜோசஃபின் அந்த வாரமே மாதாவிடம் ஒரு நேர்த்தி வைத்தாள். கணவரின் வலி அடியோடு நீங்கும் வரை சனிக்கிழமைதோறும் பகல் முழுவதும் பச்சைத் தண்ணீர் மட்டும். விளக்கேற்றிய பின் ஒரு கிண்ணம் கஞ்சி.

மறு வருடம் தவக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, நொய்யரிசி அளவில் ஒரு கல் வெளியே வந்து விழுந்தது. அத்துடன் வலி நின்றது. மேஸ்திரி அன்று மருந்தைத் தொடவில்லை. பிற்பகலில் அடுக்கடுக்காகக் கொட்டாவி வந்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது. கால்கள் தாமாக உதறத் தொடங்கின. நோய் வேறு உருவில் திரும்பிவிட்டது என்று அஞ்சிப் பதினைந்து சொட்டு விழுங்கினார். சற்று நேரத்தில் எல்லாம் அடங்கியது. இன்னும் இருமுறை நிறுத்திப் பார்த்த பிறகுதான் விஷயம் அவருக்கு விளங்கியது. வலி அவரை விட்டுவிட்டது; மருந்து விடவில்லை.

அன்றே மனைவியிடம் சொல்லியிருக்கலாம். பட்டாளத் தெருவில் அபின் தின்றுவிட்டுச் சுவரோரம் சுருண்டு கிடப்பவர்களை அவர் எத்தனையோ முறை காறித் துப்பிக் கடந்திருக்கிறார். அவர்கள் வரிசையில் தானும் ஒருவன் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை. மருந்து வேண்டுமானால் வலி வேண்டும். ஆகவே வலியை அவர் வைத்துக்கொண்டார். பலகையை விட்டு எழும்போது இடுப்பில் கை வைப்பார். படியேறும்போது பல்லைக் கடிப்பார். பதினைந்து சொட்டு முப்பதாயிற்று, முப்பது அறுபதாயிற்று. ஜோசஃபின் சனிக்கிழமைதோறும் பட்டினி கிடந்தாள். அந்தப் பகல்களில் அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல், வேலை இல்லாவிட்டாலும் அவர் கடைக்குப் போய் உட்கார்ந்திருப்பார்.

தொண்ணூற்றெட்டில் பெங்களூரில் பிளேக் புகுந்தது. வீடு வீடாகச் சோதனை நடந்தது. நோயாளி என்று ஐயம் எழுந்தால் அவரைப் பிளேக் ஆஸ்பத்திரிக்கும், வீட்டாரை ஊருக்கு வெளியே கீற்றுக் கொட்டகை முகாமுக்கும் வண்டியில் ஏற்றினார்கள். வீட்டின் ஓட்டைப் பிரித்து வெயில் விட்டார்கள். துணிமணிகளைத் தெருவில் குவித்துக் கொளுத்தினார்கள். முகாமுக்கு நலமாகப் போய், அங்கே நோய் ஒட்டி, திரும்பாமலே போனவர்கள் அந்தச் சந்திலேயே சிலர் உண்டு.

கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், தெருக்குழாயடியில் குடத்தைத் தூக்கிய ஜோசஃபின் அப்படியே சரிந்தாள். பக்கத்து வீட்டு பிரிஜெட்தான் தாங்கிப் பிடித்து வீடு கொண்டுவந்து சேர்த்தாள்.

“மேஸ்திரி, கொஞ்சம் புத்தி சொல்லுங்க. எலும்பும் தோலுமா நிக்குறா. மாதா என்ன, இவள கொன்னுட்டுதான் உங்க இடுப்ப சரி பண்ணுவேன்னா சொன்னாங்க?”

“சும்மாயிரு பிரிஜெட். வெயில்ல லேசா தலை சுத்துச்சு, அவ்ளோதான்” என்றாள் ஜோசஃபின்.

“எந்த வெயிலு? மூணு நாளா மோடம் போட்டுக்கினு கெடக்குது.”

பிரிஜெட் போன பிறகு, ஒன்பது வயது மகள் பவுலின் காலைப் பலகாரத் தட்டைத் தொடாமல் தாயின் பக்கத்தில் தள்ளிவைத்தாள். “நீ சாப்பிடும்மா. இனிமே சனிக்கிழமை நான் பட்டினி இருக்கேன். அப்பாவுக்குத்தானே? யார் இருந்தா என்ன?”

கதவருகே நின்ற மேஸ்திரிக்குத் தன் உடம்பே தனக்கு அருவருத்தது. அக்கணமே அவர் முடிவு செய்தார்: இனி ஒரு சொட்டும் இல்லை. ஆனால் அந்த முடிவிலும் ஒரு சூது இருந்தது. மூன்று நான்கு நாள் பல்லைக் கடித்துக்கொண்டால் உடம்பு தேறிவிடும்; பிறகு ஒரு காலையில் எழுந்து, “மாதா சொகம் குடுத்துட்டாங்க” என்று சொல்லிவிடலாம்; நேர்த்தி நிறைவேறும், மானமும் பிழைக்கும். ஒன்றரை வருடப் பொய்யை மூடுவதற்கு மாதாவைச் சாட்சிக்கு இழுக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் அப்படியே துணிந்தார். பாதிக்கு மேல் மருந்திருந்த புட்டியைச் சாக்கடையில் கொட்டாமல், சீட்டில் சுற்றி, அளவு நாடா வைக்கும் தகரப் பெட்டியின் அடியில் வைத்ததும் தெரிந்தேதான்.

ஞாயிறு எப்படியோ கழிந்தது. திங்களன்று அவரால் எழுந்திருக்க முடியவில்லை. உரித்த கோழியைப் போல் உடம்பெங்கும் மயிர்க்கூச்செறிந்து, வியர்வை பாயை நனைத்தது. குடலை யாரோ கயிறு திரிப்பது போல் முறுக்கியது. குடித்த வெந்நீரும் வாந்தியாயிற்று; பேதி நிற்கவில்லை. கால்கள் ஓயாமல் உதைத்தன. எல்லாவற்றையும் விடக் கொடியது, தகரப் பெட்டி பத்தடி தூரத்தில் இருந்தது.

ஜோசஃபின் அவர் அக்குளையும் தொடையிடுக்கையும் பிளேக் கட்டி இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். கட்டி இல்லை. ஆனாலும் நெற்றி சுட்டது. அவள் சன்னலைச் சாத்தினாள், சாம்பிராணி போட்டாள், அழுக்குத் துணிகளைக் கொல்லையில் தானே அலசினாள். சன்னலுக்கு வெளியே பிரிஜெட்டின் குரல் கேட்டது.

“அக்கா, மறைக்காத. வாந்தி சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்குது. எங்க அண்ணன் வூட்லயும் இப்படித்தான் மறைச்சாங்க. அஞ்சு பேர் போனாங்க, ரெண்டு பேர் வந்தாங்க.”

“பிளேக் இல்லடி. நேத்து மீனு ஒத்துக்கல.”

“நேத்து நீ எங்க மீனு வாங்கின? நானும் நீயும் ஒண்ணாத்தானே பூசைக்குப் போய் வந்தோம்?”

உள்ளே படுத்திருந்த மேஸ்திரி அதைக் கேட்டார். ஒரு சின்னப் பொய்யைக்கூடப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி அழுகிறவள், அவருக்காக இப்போது வாய் கூசாமல் பொய் சொல்கிறாள். “ஜோசி” என்று கூப்பிட்டார். அவள் ஓடி வந்து நின்றாள். அந்த முகத்தைக் கண்டதும் சொல்ல வந்ததை மாற்றிக்கொண்டார். “தண்ணி” என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சோதனைக்காரர்கள் வந்தார்கள். வெள்ளைக்கார டாக்டர் ஒருவர், அவருக்கு மொழி சொல்லும் உதவியாளர் ஸ்ரீகண்டன், போலீஸ்காரர் இருவர். சந்து முனையில் மூடு வண்டி நின்றது. அதற்குள் ஜோசஃபின் கணவருக்குச் சலவைச் சட்டை மாட்டி, நாற்காலியில் உட்கார்த்தி, உதறும் கால்களின் மேல் ஒரு ஜமுக்காளத்தைப் போட்டிருந்தாள். ஜமுக்காளமும் சேர்ந்து உதறியது.

ஸ்ரீகண்டன் கடிகாரச் சங்கிலியைத் தடவியபடி வாசலில் நின்றார். “எத்தனை நாளா ஜுரம்?”

“ஜுரமே இல்லைங்க. மீனு ஒத்துக்கல” என்றாள் ஜோசஃபின்.

“ஜுரம் இல்லையா? ஏம்மா, உன் ஆம்படையான் பல்லு அடிச்சுக்கறது தெருக்கோடிக்குக் கேக்கறதே. தள்ளிக்கோ.”

வெப்பமானியைப் பார்த்த டாக்டர் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை சொன்னார். ஸ்ரீகண்டன் போலீஸ்காரரிடம் கன்னடத்தில் வண்டியை அருகே கொண்டுவரச் சொன்னார். பிறகு ஜோசஃபினிடம், “நீயும் கொழந்தையும் மாத்துத் துணி எதையும் எடுக்க வேண்டாம். அங்க குடுப்பா. ஜல்தி” என்றார்.

பவுலின் தாயின் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். ஜோசஃபின் அழவில்லை. குழந்தையின் தலையை ஒரு கையால் அணைத்தபடி, மற்றக் கையால் சுவரில் இருந்த மாதா படத்தைக் கழற்ற முயன்றாள்.

“நிறுத்துங்க” என்றார் மேஸ்திரி. “பிளேக் இல்ல. அபின்.”

வாசலில் கூடியிருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

“லாடனம். ரெண்டு வருஷமா குடிக்கிறேன். சனிக்கிழமையோட நிறுத்திட்டேன். அதனாலதான் இப்படி.”

ஸ்ரீகண்டன் சலிப்புடன் சிரித்தார். “ஓய், ஆளுக்கொரு கதை வச்சிருக்கேள். முந்தா நாள் ஒருத்தர் தேள் கொட்டிடுத்துன்னார். சாயங்காலம் பிராணன் போயிடுத்து.”

“அந்தத் தகரப் பெட்டியத் தொறந்து பாருங்க. நாடாவுக்கு அடியில.”

புட்டியும் சீட்டும் வெளியே வந்தன. டாக்டர் சீட்டைத் திருப்பினார். பின்புறம் இடமே இல்லாமல், முத்திரை மேல் முத்திரையாக, ஊதா மையில் தேதிகள். மேஸ்திரியின் கண்ணிமையை விலக்கி, விரிந்திருந்த கருமணியைப் பார்த்தார். சற்று யோசித்துவிட்டு ஏதோ சொன்னார். ஸ்ரீகண்டன் மொழிபெயர்த்தார். “துரைக்குப் பாதி நம்பிக்கைதான். நீர் வழக்கமா குடிக்கற அளவை இப்போ குடியும். சந்துல மத்த வீட்டைப் பாத்துட்டு வரோம். அபின் பண்ற கூத்துன்னா அதுக்குள்ள அடங்கிடும். அடங்கலேன்னா வண்டி. எத்தனை சொட்டு?”

மேஸ்திரி வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

“எத்தனைங்காணும்?”

“அறுபது.”

வாசலில் யாரோ “அடேயப்பா” என்றார்கள். ஜோசஃபின் கணவரைப் பார்க்கவில்லை. சுவரில் பாதி கழன்று சாய்ந்திருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் நரகத்தைக் கடந்து வந்த மனிதர், தெருவே பார்த்திருக்க, அதே மருந்தை விழுங்கினார். வாந்தியாகிவிடக் கூடாதே என்று வாயை இரு கையாலும் பொத்திக்கொண்டார். போலீஸ்காரர் ஒருவர் கதவருகே காவல் நின்றார். நேரம் போயிற்று. முதலில் கொட்டாவி நின்றது. பிறகு மூக்கு ஒழுகுவது நின்றது. வயிற்று முறுக்கு ஒவ்வொரு புரியாக அவிழ்ந்தது. ஜமுக்காளம் அசையாமல் கிடந்தது. தேகமெங்கும் இளஞ்சூடு பரவ, அவரையும் மீறி முகம் மலர்ந்தது. நெடுநாள் பிரிந்த உறவினரை வாசலில் கண்டவர் போன்ற மலர்ச்சி. அதை மறைக்க வேண்டும் என்று எண்ணினார், முகம் கேட்கவில்லை. ஜோசஃபின் அப்போதுதான் திரும்பி அவரைப் பார்த்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பிய டாக்டர் நாடி பிடித்துப் பார்த்தார், தலையசைத்தார், வெளியே போனார். ஸ்ரீகண்டன் மட்டும் ஒரு கணம் தங்கினார். அவர் குரலில் முன்பிருந்த ஏளனம் இல்லை.

“ஒரேயடியா நிறுத்தறது முட்டாள்தனம் ஓய். தினம் ரெண்டு சொட்டு கொறைச்சிண்டே வரணும். புட்டி உம்ம கையில இருக்கப்படாது.” புட்டியை ஜோசஃபினிடம் நீட்டினார். “நீ வச்சுக்கோம்மா. நீதான் அளந்து குடுக்கணும். கெஞ்சினாலும் கூடக் குடுக்காதே. கெஞ்சுவார்.”

வண்டி வெறுமனே போயிற்று. சந்தில் ஒருவரும் அவரை முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. “எங்கப்பன் கூட இப்படித்தான், சாராயத்த கஷாயம்னு சொல்லுவான்” என்று பிரிஜெட் யாருக்கோ சொல்லிச் சிரித்தது மட்டும் சன்னல் வழியே வந்தது. சிரிப்பு ஓய்ந்ததும் அவளே ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து, உள்ளே எட்டிப் பாராமல், படியில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜோசஃபின் பகல் முழுவதும் வேலையில் இருந்தாள். வாந்தித் துணிகளைத் துவைத்தாள், குழந்தைக்குச் சோறு போட்டாள், அவருக்கும் போட்டாள். புட்டி அவள் மடியில் இருந்தது. மேஸ்திரியின் கண், வேண்டாம் வேண்டாமென்றாலும், அந்த மடியைச் சுற்றியே வந்தது. அவள் அதைக் கவனித்ததையும் அவர் கவனித்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

பொழுது சாயும் வேளையில், மாலை மருந்துக்கான நேரம் வந்தது. அவருக்கு மறுபடியும் கொட்டாவி தொடங்கியிருந்தது. ஜோசஃபின் குழந்தையைப் பிரிஜெட் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, விளக்கை அருகில் இழுத்து, கரண்டியில் புட்டியைச் சாய்த்தாள். ஒவ்வொரு சொட்டையும் உரக்க எண்ணினாள். அவர் எதிரே, தரையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டில் நிறுத்தி மூடியைத் திருகினாள். கரண்டியை உடனே தரவில்லை.

“வலி எப்ப நின்னுச்சு?”

அவர் தரையைப் பார்த்தார். போன மாதம் என்று சொல்லலாம். மழைக்கு முன்னால் என்று சொல்லலாம். வேறு யாருக்கும் அந்தத் தேதி தெரியாது.

“போன வருஷம், தவக்காலத்துல. மூணாவது வெள்ளிக்கெழம, காலையில.”

ஜோசஃபினின் உதடுகள் அசைந்தன, ஓசை வரவில்லை. சனிக்கிழமைகளை எண்ணுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. எண்ணி முடிக்கும் வரை அவர் காத்திருந்தார். மூக்கிலிருந்து நீர் வழிந்து மீசையில் இறங்கியது. துடைத்துக்கொள்ளக் கை எழவில்லை. கடைசியில் அவள் கரண்டியை நீட்டினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தபடியே வாயைத் திறந்தார்.