நல்ல காற்றிலும் நின்ற மூச்சு

கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரி வறுக்கும் கொட்டகையை விட்டு நடந்துகொண்டிருந்தேன். போன கார்த்திகை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. முதலாளியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் புகையில் இன்னும் ஒரு நாள் இருந்தால் செத்துப்போவேன் என்ற பயம். தோள் பையில் இரண்டு வேட்டி, ஒரு கசாயப் பாட்டில், மெடிக்கலில் நானாகக் கேட்டு வாங்கிய வெள்ளை மாத்திரை.

நான் ஏழாவதோடு நின்றவன். நாற்பத்தாறு வயது. குடும்பம் இல்லை. வேலை கிடைக்கிற ஊர்தான் என் ஊர். ஆறு வருசமாக மூச்சிழுப்பு. நார்த்தாமலைப் பக்கம் கல் உடைத்தேன். தூசி ஆகாது என்று ஓடினேன். மணமேல்குடியில் கருவாடு காயப்போட்டேன். கடல் காற்று ஆகாது என்று ஓடினேன். எங்கே போனாலும் காற்றைத்தான் குற்றம் சொன்னேன். ஊர் மாற மாற இழுப்பு கூடியது.

அன்று அந்தப் பாதையில் புகை இல்லை, தூசி இல்லை. மழை கழுவிவிட்ட காற்று. அங்கேதான் நெஞ்சு அடைத்தது. கண்மாய்க்கரை ஐயனார் கோயிலில் மண்குதிரையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை. நகம் நீலமாகிவிட்டது. மாத்திரைக்கும் கேட்கவில்லை. நல்ல காற்றிலேயே மூச்சு நின்றால் இனி எந்த ஊருக்கு ஓடுவது? சாவைவிட அந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன். வாய் திறந்து கும்பிடக்கூட முடியவில்லை. மனதுக்குள் கேட்டேன்: ஐயனாரே, எங்கிட்டுப் போக? நீயே காட்டு.

கரைமேல் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. வீடு வீடாகப் போய் சுகரும் பிரஷரும் பார்க்கிற நர்ஸம்மா.

“அண்ணே, பேசாதீங்க. ஏறி என்னையப் பிடிச்சுக்கங்க.”

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூக்கில் மருந்துப் புகை வைத்தார்கள். மூச்சு திரும்பியது. பிறகு விரலில் குத்திப் பார்த்தார் நர்ஸம்மா. நம்பாமல் இன்னொரு விரலிலும் குத்தினார்.

“சுகர் இவ்வளவு ஏறிக் கெடக்கே, தெரியுமா?”

“எனக்கு இழுப்புதாம்மா. சுகரெல்லாம் வசதியானவங்களுக்கு வர்றது.”

“ஆமா, மெசினு ஒங்க பட்டாவப் பாத்துட்டுதான் காட்டுது.” பாட்டிலைத் திறந்து மோந்தார். “இது என்ன?”

“திப்பிலிக் கசாயம். மூச்சுக்கு மூணு வேளையும் குடிக்கிறேன்.”

“திப்பிலிய விடக் கருப்பட்டி நெறைய கெடக்கே?”

“காரம் தெரியக்கூடாதுல்ல. சீனி இல்லம்மா, நல்ல கருப்பட்டி.”

“ஒங்க சுகருக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாதுண்ணே.”

டாக்டர் என் தொப்பையைப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். “சுகரும் தொப்பையும் இருக்கறவங்களுக்கு ஆஸ்துமா கடுமையாகுறதுண்டு. கொழுப்பு கூடுனா ஒடம்புக்குள்ள வீக்கம் இருந்துக்கிட்டே இருக்கும், மூச்சுக்குழாயும் தப்பாது. வயிறு வேற நெஞ்ச நெருக்கும். நீங்களா தின்ன மாத்திரை பசியையும் சுகரையும் ஏத்தும். அதைச் சட்டுன்னு நிறுத்திராதீங்க, நாங்க கொறைக்கிறோம். புகையும் தூசியும் ஆகாதுதான். ஆனா அதை விட்டு ஓடுனா மட்டும் பத்தாது. மாசாமாசம் இங்க வரணும்.”

மாசாமாசம் ஒரே இடத்துக்கு. மூச்சு நின்றபோது வந்த பயம் அப்போதும் வந்தது.

ஐயனாரை நம்புகிற சனங்களே, இன்று இன்ஹேலர் பிடிக்கிறேன். சுகர் மாத்திரை தின்கிறேன். கருப்பட்டியை விட்டேன். அரைஞாண் கயிறு தளர்ந்திருக்கிறது. இழுப்பு எப்போதாவது வருகிறது. வரும்போது பயமும் வருகிறது. ஆனால் ஓடுவதில்லை. கும்பிட்டால் மருந்து வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நான் கேட்டது நல்ல காற்றுள்ள ஊர். அவர் காட்டியது என் வயிற்றை. நீங்களும் கேளுங்கள். கேட்டதற்கு மாறாக ஒன்றைக் காட்டினாலும் நம்பி நில்லுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை இரவு ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்தார்கள். மறுநாள் காலை, நர்ஸம்மா தன் தெருவில் ஆடு வைத்திருக்கும் ஓர் அம்மாவிடம் என்னைக் கூட்டிப்போனார். மேய்க்க ஆள் தேடிக்கொண்டிருந்தவர். என்னையும் தோள் பையையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“எத்தனை நாளைக்கு நிப்பீங்க?”

“மாசாமாசம் இங்கதாம்மா மாத்திரை வாங்கணும். ஓட முடியாது.”

“ஆடு ஓடுமே.”

“மெதுவா ஓடச் சொல்லுங்க.”

சிரிக்காமல் கம்பை எடுத்து நீட்டினார். எட்டு ஆடுகளைக் கண்மாய்க்கரைக்கு ஓட்டிப்போனேன். மண்குதிரையின் காலடியில், காலையிலிருந்து தோளைவிட்டு இறக்காத பையை இறக்கிவைத்தேன்.