தம்பி மறைத்த ஆறு மில்லிமீட்டர்

என் தம்பியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் எழுதுவேன். திட்டி எழுதச் சொன்னால் நாற்பது பக்கம் எழுதுவேன். கூடப் பிறந்தவளுக்கு அந்த உரிமை உண்டு. வீட்டில் அவனுக்கு ‘அளவுகோல்’ என்று பெயர். ஆறு வயதிலேயே தன் பென்சிலை ஸ்கேல் வைத்து அளந்து குறித்துவைப்பான். மறுநாள் அது குறைந்திருப்பதைக் கண்டுபிடித்து, யாரோ எடுத்து எழுதியிருக்கிறார்கள் என்று ஊரைக் கூட்டி அழுவான். எடுத்தது நான்தான். இதுவரை ஒத்துக்கொண்டதில்லை.

வளர்ந்த பிறகு அளப்பதே அவனுக்குப் பிழைப்பானது. மலைப்பாதைகளில் ஓட்டுகிற சைக்கிள்களுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வடிவமைப்பாளன். அதிலும் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் மட்டும்தான் அவன் பொறுப்பு. இரண்டாவது மாடியில் பதினோரு பேர் உட்காரும் அறை. ஜன்னல் கண்ணாடிகளில் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும். உள்ளே போகும்போது செல்போனை வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிட வேண்டும். அங்கே என்ன வரைகிறார்கள் என்று வெளியே மூச்சு விடமாட்டோம் என ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் அண்ணன் வெல்டர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, அதே ரகச் சைக்கிள்களுக்கு இரும்புக் குழாயில் ஃபிரேம் செய்துகொண்டிருந்தார். அண்ணி பெயின்ட் அடிப்பாள். மாதத்துக்கு மூன்று ஃபிரேம் முடிந்தால் அதிகம். ஆர்டர் கொடுத்தவரின் கால் நீளம், கை நீளம் எல்லாம் பார்த்துத்தான் குழாயையே வெட்டுவார்.

நான் தையல்காரி. என் தொழிலில் மனிதர்களின் இடுப்பு மாறும், அங்குலம் மாறாது. இந்தச் சைக்கிள்காரர்களின் உலகம் அப்படியில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சக்கரம் இருபத்தாறு அங்குலத்திலிருந்து இருபத்தேழரைக்குப் போனது. அது பழகுவதற்குள் இருபத்தொன்பது வந்துவிட்டது. ஹேண்டில்பார் தடித்தது, சீட்டுக் கம்பி தடித்தது. ஒவ்வொன்று மாறும்போதும் புதுச் சாமான் பழைய ஃபிரேமில் உட்காராது.

“உங்க ஆபீஸ்ல போரடிச்சா உடனே ஒரு அளவை மாத்திடுவீங்களாடா?” என்பார் அண்ணன்.

“சும்மா மாத்தலண்ணே. சக்கரம் பெருசானா குழியில விழாம உருண்டு போகும்.”

“அப்ப முதல்லயே பெருசா பண்ணித் தொலைச்சிருக்க வேண்டியதுதானே!”

தம்பி சிரிப்பான். அவன் சொல்வதில் பொய் இல்லை. புது அளவு ஒவ்வொன்றும் பழையதைவிடக் கொஞ்சம் மேலாகத்தான் இருந்தது. அந்தக் ‘கொஞ்சம்’தான் எங்கள் குடும்பத்தைத் தின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். அண்ணனின் முகத்தில் கல்யாணக் களை. வெளியூர்க் கடைகள் சில அவருடைய ஃபிரேமை வாங்கி விற்கச் சம்மதித்துவிட்டனவாம். இனி ஒவ்வொன்றாகச் செய்யப்போவதில்லை, ஒரே மூச்சில் நாற்பது. ஃபிரேமின் பின்முனையில் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் இரும்புத் துண்டுகளை அவர் கொக்கி என்பார். அவற்றைப் பட்டறையில் வெட்டக் கொடுக்க வேண்டும். எந்த அகலத்துக்குக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. அளவு தப்பினால் நாற்பதும் போச்சு.

“டேய் அளவுகோல், பின்சக்கர அகலம் இப்ப நூத்தி நாப்பத்திரெண்டு. இது இன்னும் எத்தனை வருஷம் ஓடும்? நீ சொல்லு, நாளைக்கே வெட்டக் குடுத்துடறேன்.”

தம்பி தண்ணீர் எடுத்துக் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்தான்.

“ஓடும்ணே. தைரியமா பண்ணு.”

அன்றைக்கு ஆபீஸில் அவன் மேசையில் இருந்த படத்தில் அகலம் நூற்று நாற்பத்தெட்டு. பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர், மொத்தம் ஆறு. ஏழு மாதத்தில் கம்பெனி அதை வெளியிடப்போகிறது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஏண்டா இப்படிச் செய்தாய் என்று அவனைப் பிடித்து உலுக்கியபோது, “தயங்கினா அண்ணன் என் மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சிடும்க்கா, நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்” என்றான். மனதுக்குள் ஒரு கணக்கும் போட்டிருக்கிறான். அண்ணன் வேலை செய்கிற வேகத்துக்கு நாற்பது ஃபிரேம் முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். வெளியிடுகிற அன்று பாதிதான் முடிந்திருக்கும். மிச்சத்தைப் புது அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் அளந்தவன், தம்பியே சொல்லிவிட்டான் என்ற தெம்பில் ஒரு மனிதன் எவ்வளவு வேகமாக வேலை செய்வான் என்பதை அளக்கவில்லை. அண்ணனும் அண்ணியும் ஐந்தே மாதத்தில் நாற்பதையும் முடித்துவிட்டார்கள். மழை விட்டதும் எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

அந்த ஐந்து மாதமும் தம்பி கொட்டகைப் பக்கம் போகவேயில்லை. ஏன் வருவதில்லை என்று அண்ணி கேட்டாள். ஆபீஸில் வேலை ஜாஸ்தி என்று நான்தான் அவனுக்காகச் சப்பைக்கட்டு கட்டினேன்.

பிறகு ஒரு நாள் அண்ணி கடையிலிருந்து ஒரு சைக்கிள் பத்திரிகை வாங்கிவந்தாள். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். தம்பியின் படம் வந்திருக்கிறது என்று பெருமையாகக் காட்டத்தான் வாங்கியிருந்தாள், பாவம். பக்கம் முழுக்க அவன் முகம். கையில் புது ஹப், வாயெல்லாம் பல். கீழே, இரண்டு வருட உழைப்பின் பலன் என்று போட்டிருந்தது. அண்ணன் நின்றபடியே படித்தார்.

“ரெண்டு வருஷம்” என்றார். பத்திரிகையை மடித்து அண்ணியிடம் கொடுத்துவிட்டு, கையிலிருந்த குழாயை மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார்.

கடைக்காரர்கள் போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். புது அகலமா? இல்லை என்றதும் வைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாளை சக்கரம் வாங்கினால் உட்காராத ஃபிரேமை யார் வாங்குவார்கள்? பச்சையும் நீலமுமாக நாற்பது ஃபிரேம் கொட்டகைக் கூரையில் தொங்கின.

தம்பி ஒரு படம் வரைந்து எடுத்துக்கொண்டு ஓடினான். பின்முனையை வெட்டி எடுத்துவிட்டு அகலமான கொக்கியை வைத்து வெல்ட் செய்யலாம், பிரேக் உட்காரும் இடத்தையும் மூன்று மில்லிமீட்டர் தள்ளலாம், வார இறுதிகளில் தானே வந்து செய்து தருகிறேன் என்றான். அண்ணன் படத்தை முழுக்கப் பார்த்தார்.

“நல்லாத்தான் வரைஞ்சிருக்க. ஆனா வெட்டி ஒட்டின ஃபிரேமை என் கையால விக்க மாட்டேன்.”

“அண்ணே, நான் கையெழுத்து...”

“உன் ஆபீஸ் ரகசியத்தை நான் கேக்கலடா. ‘கொஞ்சம் பொறுண்ணே’ன்னு ரெண்டே வார்த்தை. ஏன்னுகூட கேட்டிருக்க மாட்டேன்.”

தம்பி படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

அண்ணன் கொட்டகையைப் பூட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யும் தொழிற்சாலையில் வெல்டராகச் சேர்ந்தார். தம்பியோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நான் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் நாலு கத்து கத்திச் சேர்த்துவைத்திருப்பேன். வந்தால் வா என்பார், சாப்பிடு என்பார். ஆனால் அவனிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் எந்த போல்ட் நல்லது என்பதிலிருந்து மகளை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்பது வரை அவனைக் கேட்காமல் ஒரு அடி எடுத்துவைக்க மாட்டார். இப்போது அவன் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, எந்த போன் வாங்கலாம் என்று என்னைக் கேட்கிறார். எனக்குத் தெரிந்ததெல்லாம் பட்டனும் ஜிப்பும்.

தம்பிக்குப் பதவி உயர்ந்தது. தலை நரைத்தது. எனக்கு அவன்மேல் இன்னும் கோபம்தான். அண்ணன் என்னிடம் கேட்கும் ஒவ்வொரு முறையும் அவன் முகம் சுருங்குவதைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது, அதுவும் உண்மை.

போன மாதம் எல்லோரும் என் வீட்டில் கூடினோம். அண்ணன் தன் தொழிற்சாலைக் கட்டிலின் தலைப்பக்கம் எப்படி ஏறி இறங்கும் என்று என் கணவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். தம்பி திடீரென்று தட்டைத் தள்ளிவைத்தான்.

“அண்ணே, அடுத்த வருஷம் பின்சக்கர அகலம் மறுபடியும் மாறுது. நூத்தி அம்பத்தேழு. நான்தான் வரையறேன். இன்னும் யாருக்கும் தெரியாது.”

எல்லோர் கையும் அப்படியே நின்றது. பல வருடங்களுக்குப் பிறகு அண்ணன் அவனை நேராகப் பார்த்தார்.

“எனக்கு எதுக்குடா அது?” என்றார். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

பிறகு எழுந்துபோய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“இதை வேற யார்கிட்டயும் சொல்லிடாதே. வேலை போயிடும்.”

தம்பி குலுங்கிக் குலுங்கி அழுதான். அண்ணன் அவன் பக்கம் திரும்பாமல், இன்னும் கொஞ்சம் சோறு இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார்.